பல் எடுத்த இடத்தில் எலும்பைக் காப்பாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லை எடுத்தாக வேண்டும் என்று சொன்ன கையோடு, "அந்தக் குழியில போன் கிராஃப்ட் வச்சிடலாமா?" என்று பல் டாக்டர் கேட்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. பல் போன குழியில் எலும்புக் குருணையோ அதைப் போன்ற பொருளோ நிரப்பி, அந்த இடத்து எலும்பு அதிகம் கரையாமல் பார்த்துக்கொள்வதுதான் போன் கிராஃப்ட். அவர் அரை நிமிடத்தில் கேட்டுவிடுவார். வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவர் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிப்பார். கிளினிக்கில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்த முடிவைப் பல் எடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பல் போய் இரண்டு மாதம் கழித்து வந்து கேட்டால் அது வேறு சிகிச்சை, வேறு செலவு.

பல்லை எடுத்தால் எலும்பு ஏன் கரைகிறது?

தாடையில் பல்லைப் பிடித்திருக்கும் பகுதி பல்லோடு சேர்ந்தே உருவாவது. வேரைச் சுற்றி மெல்லிய நார்கள் இருக்கும். அவை ஒரு பக்கம் வேரிலும் மறுபக்கம் குழியின் உள்சுவரிலும் பதிந்திருக்கும். அந்த உள்சுவருக்கு ரத்த ஓட்டத்தில் ஒரு பங்கும், மெல்லும்போது கிடைக்கும் அழுத்தமும் இந்த நார்கள் வழியாகத்தான் வருகின்றன. பல் வெளியே வரும்போது நார்களும் போய்விடும். வேலையில்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்ளாது, கரைத்துவிடும்.

இதில் சிக்கல், மேல் முன்பற்களின் உதட்டுப் பக்கச் சுவர். பெரும்பாலானோருக்கு அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான். கரையப்போகும் உள்சுவரைக் கழித்துவிட்டால் அங்கே மிச்சம் எதுவும் கிடையாது. அண்ணப் பக்கச் சுவர் தடிமனானது, அது பெரிதாகக் குறையாது. அதனால்தான் பல் எடுத்த இடம் வெளியிலிருந்து உள்நோக்கிக் குழிந்துபோகிறது. 2005இல் அராவுஜோ, லிண்டே இருவரும் நாய்களில் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

எவ்வளவு கரையும்?

2003இல் டென்மார்க்கில் ஷ்ராப் குழுவினர் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். கடைவாய்ப் பல்லும் அதற்கு முந்தைய பற்களும் எடுத்தவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். சராசரியாக 12 மி.மீ. இருந்த அகலம் 5.9 மி.மீ. ஆனது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது.

முன்பல்லில் உயரமும் சேர்ந்து போகும். 2013இல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் பார்த்தபோது, வெளிச்சுவர் ஒரு மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களுக்கு எட்டே வாரத்தில் அந்தச் சுவரின் நடுப்பகுதியில் சுமார் 7.5 மி.மீ. உயரம் குறைந்திருந்தது. சுவர் தடிமனாக இருந்தவர்களுக்கு ஒரு மி.மீ. சொச்சம்தான். ஒரே மாதிரி பல், ஒரே மாதிரி எடுத்தல், சுவரின் தடிமன் மட்டும் வேறு. பல் எடுக்கும் முன் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னால் காசு பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம்.

கிராஃப்ட் வைத்தால் இது நின்றுவிடுமா?

நிற்காது, குறையும். சும்மா ஆறவிட்ட குழியோடு ஒப்பிட்டால், அகலத்திலும் உயரத்திலும் ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு மி.மீ. கூடுதலாக மிஞ்சும் என்பதே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் கணக்கு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பு, இந்த ஆதாரம் அவ்வளவு வலுவானது இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. "எலும்பு அப்படியே இருக்கும், கவலையே வேண்டாம்" என்று யாராவது உறுதி கொடுத்தால் சற்று யோசியுங்கள்.

ஒன்றரை மி.மீ. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் இம்பிளாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கை வேர், 4 மி.மீ. விட்டம் என்றால் அதைச் சுற்றி இரு பக்கமும் ஒன்றரை மி.மீ. எலும்பாவது வேண்டும். ஏழு மி.மீ. இருந்தால் நேராகப் போடலாம், ஐந்தரை இருந்தால் கூடவே இன்னொரு எலும்புச் சிகிச்சை. அந்த எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு ஒன்றரை மி.மீ. பெரிய விஷயம்.

அப்படியானால் பல் எடுக்கிற எல்லாரும் வைத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: அந்த இடத்தில் பிறகு என்ன வரப்போகிறது என்று தெரியாமல் கிராஃப்ட் வைப்பதில் அர்த்தமில்லை.

ஞானப்பல் எடுத்தால் அங்கே யாரும் பல் கட்டப்போவதில்லை, ஆகவே பொதுவாகத் தேவையில்லை. கீழ்க் கடைவாய்ப் பல் போய், கழற்றி மாட்டும் செட் போதும் என்று இருக்கும் பெரியவருக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். சுவர்கள் நான்கும் தடிமனாக, உடையாமல் இருந்து, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் இம்பிளாண்ட் போட முடிவாகியிருந்தால் பல சமயம் சும்மா விட்டாலே போதும்.

இன்னொரு பக்கம் இப்படி ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் விழுந்து மேல் முன்பல்லின் வேர் உடைந்த கல்லூரிப் பையன். வயது பதினேழு. தாடை வளர்ச்சி முடியாமல் இம்பிளாண்ட் போட முடியாது. சிரித்தால் ஈறு தெரிகிற உதடு வேறு. அந்த இடத்தைச் சும்மா விட்டால் உதட்டுக்கு அடியில் பள்ளம் விழும். பிறகு எவ்வளவு நல்ல பல்லைக் கட்டினாலும் ஈறோரம் நீளமாக, கறுப்பாக நிழல் விழும். இவனிடம் கிராஃப்ட் பற்றி நான் கட்டாயம் பேசுவேன், ஓரளவு கரையத்தான் செய்யும் என்பதையும் சொல்லி. மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனால் அது கீழே இறங்கிவரும், கீழிருந்து எலும்பும் கரையும். இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது சில சமயம் நாலைந்து மி.மீ.தான். அங்கேயும் யோசிக்கலாம். பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துப் பிரிட்ஜ் கட்டுபவர்களுக்குக்கூட, முன்பல்லாக இருந்தால், ஈறின் வடிவம் கெடாமலிருக்க உதவும்.

அந்தப் பவுடர் எதிலிருந்து வருகிறது?

பவுடர் என்று சொன்னாலும் அது குருணைதான். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கால் கிராமோ அரை கிராமோ இருக்கும். கால் மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை, ரவையைப் போன்ற வெள்ளை மணிகள். மூலம் நான்கு வகை.

உங்கள் உடம்பிலிருந்தே எடுப்பது முதல் வகை. தாடையின் பின்பகுதியிலோ முகவாயிலோ சுரண்டி எடுப்பார்கள். உயிருள்ள அணுக்கள் உள்ளது இது ஒன்றுதான். ஆனால் ஒரு பல் குழிக்காக இன்னோர் இடத்தைக் கிழிக்க வேண்டும், கரைவதும் சீக்கிரம்.

இரண்டாவது, தானம் தந்த மனிதர்களின் எலும்பு. கிருமி நீக்கி, உறைய வைத்து உலர்த்தித் தருகிறார்கள். நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இந்த வேலையைச் செய்கிறது. காமா கதிரால் கிருமி நீக்குகிறார்கள்.

மூன்றாவது, மாட்டு எலும்பு. ஸ்விட்சர்லாந்து கைஸ்ட்லிக் நிறுவனத்தின் பயோ-ஆஸ் இதில் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. புரதம் முழுவதையும் நீக்கி, கனிமச் சட்டகத்தை மட்டும் விட்டுவைப்பார்கள். மிக மெதுவாகத்தான் கரையும். வருடங்கள் கழித்துப் பார்த்தாலும் மணிகள் கிடக்கும். வடிவத்தைத் தாங்கிப் பிடிக்க அந்த மெத்தனம்தான் வசதி.

நான்காவது, செயற்கை. ஹைட்ராக்ஸி அபடைட், ட்ரை கால்சியம் பாஸ்பேட், பயோ கிளாஸ் எல்லாம் இதில் அடங்கும். பயோ கிளாஸ் 1969இல் அமெரிக்காவின் புளோரிடாவில் லாரி ஹென்ச் கண்டுபிடித்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இந்த மாதிரி எலும்புச் செராமிக்குகளை உருவாக்கியிருக்கிறது.

எது உசத்தி என்றால், ஒன்று மற்றதைத் தெளிவாக ஜெயித்தது என்று சொல்லும்படி ஆதாரம் இல்லை. டாக்டருக்குப் பழகிய பொருளாக இருப்பதும், பல்லைச் சுவர் உடையாமல் எடுப்பதும் பிராண்டைவிட முக்கியம்.

நாங்கள் சுத்த சைவம். மாட்டு எலும்பு என்று பிறகுதான் தெரிந்தது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி வரவே கூடாது. முன்கூட்டியே சொல்வது டாக்டரின் கடமை. "அதில் புரதமே இல்லை, வெறும் கனிமம்தான்" என்பது வேதியியல்படி சரி. ஆனால் ஒருவரின் நம்பிக்கைக்கு அது பதில் ஆகாது. ஏற்பதா வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். முஸ்லிம் குடும்பங்களில் பன்றியைப் பற்றிக் கேட்பார்கள், அதுவும் நியாயமான கேள்வி.

கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. குருணை செயற்கையானது என்று சொல்லிச் சம்மதம் வாங்கியிருப்பார்கள். அதன் மேல் மூடும் மெல்லிய மெம்பிரேனும், சில சமயம் குழியை அடைக்கும் பஞ்சு மாதிரியான அடைப்பானும் கொலாஜன் என்ற புரதம். கொலாஜன் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோதான் பெரும்பாலும் எடுக்கப்படுகிறது, சிலவற்றை மீனிலிருந்து எடுக்கிறார்கள். ஆகவே குருணை, மெம்பிரேன், அடைப்பான் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். தையல் நூலையும் சேர்த்துக்கொள்ளலாம், கேட்கட் ஆட்டுக்குடலிலோ மாட்டுக்குடலிலோ செய்வது.

வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. செயற்கைக் குருணையோடு பிடிஎஃப்இ என்ற செயற்கை மெம்பிரேன் வைக்கலாம், அதைப் பிறகு உருவி எடுக்க வேண்டும். எடுத்த பல்லையே சுத்தம் செய்து, சொத்தையையும் பழைய ரூட் கேனால் அடைப்பையும் நீக்கி, அரைத்து, கிருமி நீக்கி அதே குழியில் வைக்கும் முறையும் இருக்கிறது. பல்லின் உட்பகுதிக்கும் எலும்புக்கும் உள்ள பொருள்கள் ஏறத்தாழ ஒன்றேதான். அதற்கான அரைக்கும் கருவி எல்லா கிளினிக்கிலும் இருக்காது.

ரத்தம் எடுத்துச் சுற்றி வைக்கிறார்களே, அது என்ன?

பிஆர்எஃப் என்பார்கள். 2001இல் பிரான்சில் ஷுக்ரூன் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. கையில் ரத்தம் எடுத்து, எந்த மருந்தும் கலக்காமல் சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழற்றும் கருவியில் சுற்றினால் நடுவில் மஞ்சளாக ஒரு கொழகொழப்பான கட்டி நிற்கும். அதைக் குழியில் வைத்தால் ஈறு நன்றாக ஆறும், வலியும் குறையலாம். எலும்பின் அகலத்தைத் தனியாக அதுவே காப்பாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை. குருணையோடு கலந்து வைக்க நல்ல பொருள்.

எப்படிச் செய்வார்கள்? வலிக்குமா?

பல் எடுக்கப் போடும் மரத்துப்போகும் ஊசியே இதற்கும் போதும். கூடுதலாக இருபது நிமிடம் ஆகலாம்.

பாதி வேலை பல்லை எடுக்கும் விதத்தில் இருக்கிறது. கொறடால் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தால் அந்த மெல்லிய சுவர் பல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் மெல்லிய அலகுள்ள கருவியை வேரைச் சுற்றிச் செலுத்தி நார்களை அறுப்பார்கள். கடைவாய்ப் பல்லானால் வேர்களைத் தனித்தனியாக வெட்டிப் பிரித்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். நேரம் பிடித்தால் டாக்டருக்குப் பழக்கமில்லை என்று நினைக்காதீர்கள்.

பிறகு குழியைச் சுரண்டி, பழைய சீழ்ப்பை எதுவும் மிஞ்சாமல் கழுவி, ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு நான்கு சுவரும் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். குருணையைக் கிண்ணத்தில் கொட்டிச் சலைன் விட்டு நனைப்பார்கள். குழியிலிருந்து ஊறும் ரத்தத்தைத் தொட்டுக் கலந்ததும் உதிரியாக இருந்தது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பின் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். இடித்து அடைக்கக் கூடாது. மணிகளுக்கு நடுவே இடம் இருந்தால்தான் புது ரத்தக் குழாய் புகுந்து வரும். மேலே மெம்பிரேன், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தையல். ஈறை இழுத்து முழுதாக மூட வேண்டிய அவசியம் எப்போதும் இல்லை. ஏழிலிருந்து பத்து நாளில் தையலைப் பிரிப்பார்கள்.

ஊசியின் மரமரப்பு போன பிறகு வரும் வலி, சாதாரணமாகப் பல் எடுத்த வலிதான்.

வாயில் குருணை குருணையாக வருகிறது. எல்லாம் போய்விட்டதா?

முதல் சில நாள் நாலைந்து மணிகள் வருவது சகஜம், பயப்பட வேண்டாம். பிடிப் பிடியாக வந்தாலோ மெம்பிரேன் கழன்று குழி தெரிந்தாலோ போன் செய்துவிட்டுப் போய்க் காட்டுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

முதல் நாள் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, எதையும் உறிஞ்சக் கூடாது. இளநீர் நல்லது என்று வாங்கி ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறவர்கள் நிறையப் பேர். டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். சூடான காபி, ரசம் எல்லாம் ஆறவைத்து. தயிர்சாதம், இட்லி, கஞ்சி போதும்.

மறுநாள் முதல் உப்புத் தண்ணீரை வாயில் விட்டுத் தலையைச் சாய்த்து வெளியே வழியவிடலாம். குளோர்ஹெக்சிடின் திரவம் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை மட்டும். எண்ணெய் கொப்பளிக்கும் பழக்கம் உள்ளவர்கள் டாக்டர் சரி என்று சொல்லும் வரை நிறுத்திவையுங்கள். வலிக்கிறதே என்று கிராம்பு வைத்து அழுத்துவது, விரலால் பல்பொடி தேய்ப்பது, நாக்கால் தையலைத் துழாவிக்கொண்டே இருப்பது, இந்த மூன்றும்தான் கிராஃப்டைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்பது.

மேல் கடைவாய்ப் பல் எடுத்திருந்தால் மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

சிகரெட், பீடி, ஹான்ஸ், வெற்றிலை பாக்கு: இவற்றை நிறுத்த முடியாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புகைப்பவருக்கு ஈறில் ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவது தாமதம், கிருமி தொற்றுவதும் அதிகம். சிலரிடம் காசை வீணாக்காதீர்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியும் போடுகிறேன். செய்யலாமா?

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் செய்யலாம். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பார்த்துவிட்டுத்தான் நாள் குறிப்போம்.

எலும்பு ஊசியை மட்டும் மறைக்கவே கூடாது. வருடத்துக்கு ஒருமுறை போடும் சொலெட்ரானிக் ஆசிட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப், வாரம் ஒரு மாத்திரையாகச் சாப்பிடும் அலெண்ட்ரோனேட் ஆகியவை எலும்பு கரைவதையும் புதுப்பிப்பதையும் மட்டுப்படுத்துபவை. இவற்றை எடுக்கும் சிலருக்குப் பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பு செத்து வெளியே தெரியும். மூட்டுவலிக்கு ஏதோ ஊசி என்று பாட்டிகள் சொல்வார்கள், சீட்டைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். புற்றுநோய்க்காக இதே மருந்தை அதிக அளவில் போடுபவர்களுக்கு அபாயம் பல மடங்கு. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களும் அப்படியே. ஆனால் நீங்களாக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். டெனோசுமாபை நடுவில் விட்டால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றையும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

இம்பிளாண்ட் எப்போது போடலாம்? பல் எடுத்த அன்றே போட முடியாதா?

கிராஃப்ட் வைத்தபின் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம். மாட்டெலும்பு மணிகள் வைத்த இடத்துக்கு நான் அதிகம் அவகாசம் தருவேன். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு. ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் உங்கள் எலும்பு இல்லை, மணிகளும் வெள்ளைதான் என்பதை நினைவில் வையுங்கள். வைத்தாயிற்று என்று வருடக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. மெல்லும் வேலை இல்லாவிட்டால் அதுவும் மெல்லக் குறையும்.

அன்றே போடுவதும் உண்டு. சுவர்கள் முழுசாக இருந்து, இம்பிளாண்ட் இறுகி நிற்கக் குழிக்கு அடியில் எலும்பு இருந்தால் போடலாம். அப்போதும் இம்பிளாண்டுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இதே குருணையைத்தான் நிரப்புவார்கள்.

கெட்டுப்போவது எப்படித் தெரியும்?

வீக்கம் முதல் இரண்டு மூன்று நாள் ஏறி, பிறகு வடிய வேண்டும். நான்காம் நாளுக்குப் பிறகும் கூடினால், சீழ், துர்நாற்றம், காய்ச்சல் இருந்தால் உடனே போங்கள். கிருமி பிடித்த குருணையை மருந்தால் காப்பாற்றுவது அபூர்வம். அதை எடுத்துச் சுத்தம் செய்து ஆறவிட்டு மறுபடி யோசிக்க வேண்டும்.

செலவை எப்படிப் புரிந்துகொள்வது?

குருணை, மெம்பிரேன், செய்கூலி என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். குருணை எத்தனை கிராம், எந்த நிறுவனம் என்பதும் அதில் இருக்கட்டும். ஒரு முன்பல் குழிக்கு அரை கிராமுக்கு மேல் தேவைப்படுவது குறைவு. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் பல் சிகிச்சைக்குத் தராது. விபத்தில் பல் போயிருந்தால் பாலிசியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பல் எடுத்துப் பத்து வருஷம் ஆச்சு. இப்போது வைக்கலாமா?

குழியே இல்லையே, எங்கே வைப்பது? அப்போது செய்வது கரைந்த மேட்டை மறுபடி கட்டுவது. ஈறைத் திறந்து வெளிப்பக்கம் குருணையும் மெம்பிரேனும் வைத்து அகலப்படுத்துவார்கள், அல்லது எலும்பைத் துண்டாக எடுத்துத் திருகி வைப்பார்கள். மேலே கடைவாய்ப் பக்கமானால் சைனஸ் சவ்வைத் தூக்கி அடியில் நிரப்புவார்கள். எல்லாம் நடக்கிற காரியம்தான், ஆனால் காலமும் காசும் அதிகம். சிலருக்கு மெல்லிய இம்பிளாண்டோ பிரிட்ஜோ போதுமானதாக இருக்கும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

சிகிச்சை முடிந்ததும் எதையாவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா?

ஆமாம். குப்பியோடு லாட் எண் போட்ட சின்ன ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் வரும். ஒன்றை கிளினிக் கோப்பில் ஒட்டுவார்கள், இன்னொன்றை உங்கள் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் இல்லை என்றால் பெயரையும் எண்ணையும் எழுதித் தரட்டும். ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் இம்பிளாண்ட் போடப்போனால், உள்ளே இருப்பது எது, எத்தனை மாதம் ஆயிற்று என்று அவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் அதில் இருக்கும்.